பதினொரு மாதக் காகிதம்

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தண்டவாளத்தில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. அப்படிப்பட்ட நான், டோம்பிவிலியில் உள்ள என் வீட்டை ஓர் அரைகுறைக் காகிதத்தை நம்பிக் கொடுத்து விழித்த கதை இது.

ஓய்வு பெற்றபின் மகனோடு தங்க வந்துவிட்டதால், அந்த வீட்டை நான்கு பையன்களுக்கு விட்டேன். எல்லாரும் நம்மூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். வாடகை 18,000 ரூபாய், முன்பணம் 50,000. தரகர் பதினொரு மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாள் எழுதினார். கையெழுத்துப் போட்டவன் ஒருவன் மட்டுமே. "பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவென்றால் பதிவு வேண்டாம் சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஒரு வருடத்தில் மூவர் வேலை மாறிப் போனார்கள். அந்த இடங்களுக்கு வேறு மூவர் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. காலி செய்யச் சொன்னபோது, கையெழுத்துப் போட்டவன், "முன்பணம் ஒரு லட்சம் கொடுத்தேன் மாமா, அதைத் தாருங்கள், போகிறேன்" என்றான்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் சொன்னது என் கண்ணைத் திறந்தது. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம். பதினொரு மாத வழக்கம் அதிலிருந்து வந்தது. ஆனால் மகாராஷ்டிராவில் 1999-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு, 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிந்தே ஆகவேண்டும் என்கிறது. பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய அடி, பதிவு இல்லையென்றால் நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே செல்லும். அது தவறென்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில்.

நல்லவேளையாக முன்பணத்தை வங்கி மூலம் வாங்கியிருந்தேன். கணக்கைக் காட்டியதும் பையன் இறங்கி வந்தான். இரண்டு மாத வாடகை போனது. அதோடு பிழைத்தேன்.

இந்த ஊரின் பழைய வீட்டுக்காரர்கள் காகிதத்துக்கே பயப்படுவார்கள். காரணம் உண்டு. 1973 பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் குடியிருந்தவர்களைச் சட்டத் திருத்தம் பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர்கள் ஆக்கிவிட்டது. இன்றைய நிலை வேறு. காலம் முடிந்தும் லைசென்ஸ்தாரர் வெளியேறாவிட்டால், 24-வது பிரிவின்படி தகுதியுள்ள அதிகாரியிடம் மனுச் செய்யலாம். இருக்கும் நாளுக்கு இரட்டிப்புக் கட்டணமும் கேட்கலாம்.

பையன்களையும் சொல்லவேண்டும். எண்பதுகளில் மாட்டுங்காவில் ஆறு பேரோடு ஓர் அறையில் நானும் இருந்தேன். முன்பணத்துக்கு ரசீது கேட்கக் கூச்சம். காலி செய்தபோது பணம் திரும்பவில்லை. பதிந்த ஒப்பந்தம் அவர்களுக்கும் காவல்தான்.

இப்போது என் வீட்டில் மறுபடியும் நான்கு பேர். நால்வர் பெயரும் ஒப்பந்தத்தில் உண்டு. ஒருவர் மாறினால் புது ஒப்பந்தம். இணையம் வழியே கைரேகை வைத்துப் பதிந்தோம். காவல் நிலையத்துக்கும் சொசைட்டிக்கும் விவரம் கொடுத்தாயிற்று.

நம்மூர்ப் பிள்ளை என்று வீடு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியைக் கொடுக்குமுன் பதிவை முடித்துவிடுங்கள்.