சட்டத்துக்கு உருவம் கொடுத்த கரிக்கோல்

சிகாகோவை நீர்வண்ணத்தில் தீட்டிய ஜூல்ஸ் கெரினைச் சென்ற வாரம் பார்த்தோம். 1909-ல் வெளியான சிகாகோ நகரத் திட்டத்துக்கு அவர் வரைந்த படங்களில் நகரம் மென்மையான வண்ணங்களில் அமைதியாக விரிந்து கிடக்கும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் ஹியூ ஃபெரிஸ் வண்ணங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கரியைக் கையில் எடுத்தார். வணிகக் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை அவை எழும்பும் முன்பே வரைந்து காட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. அந்தத் தொழிலில் இருந்த வேறு யாரும் ஒரு நகரத்தின் வானத்தை இந்த அளவுக்குப் பாதித்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அவர் கரியை எடுத்ததற்கான காரணங்களில் ஒன்று, பிராட்வே 120-ஆம் எண்ணில் இன்றும் நிற்கிறது.

ஈக்விடபிள் கட்டடம். 1915-ல் முடிந்தது. ஓர் ஏக்கருக்கும் குறைவான மனையில் ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி அலுவலக இடம். நம் ஊர்க் கட்டுமானக்காரர்கள் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்லும் கணக்கில், அதாவது தளப்பரப்பு மனையைப் போல் எத்தனை மடங்கு என்பதில், அது 30. நடைபாதை விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, எங்கும் உள்வாங்காமல் 500 அடிக்கு மேல் போய் நிற்கிறது. அதன் நிழல் ஏழு ஏக்கரை மூடுகிறது என்று அக்கம்பக்கத்துக் கட்டட உரிமையாளர்கள் குமுறினார்கள். அலுவலகங்களில் குளிர்சாதனம் வராத காலம் அது. மின்விளக்கின் வெளிச்சமும் போதாது. ஜன்னலை நம்பித்தான் வாடகை. ஜன்னலுக்கு எதிரே சுவர் எழுந்தால் குடியிருப்பவர் காலி செய்வார்; வாடகை விழும்; சொத்தின் மதிப்பும் கூடவே விழும். ஐந்தாம் அவென்யூ கடைக்காரர்களுக்கு வேறொரு கவலை. துணி தைக்கும் தொழிற்கூடங்கள் தங்கள் தெருவுக்குள் ஏறி வருவதை நிறுத்த அவர்கள் வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தரப்பின் நெருக்குதலும் சேர்ந்து, 1916 ஜூலை 25 அன்று நியூயார்க் நகரம் தன் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு நகரம் முழுவதையும் தழுவிய இப்படிப்பட்ட சட்டம் அமெரிக்காவில் அதுவே முதல். தெருவோரச் சுவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதைத் தெருவின் அகலம் தீர்மானித்தது. ‘இரண்டு மடங்கு’ மண்டலத்தில் 100 அடித் தெரு என்றால் சுவர் 200 அடி போகலாம். அதற்கு மேல் கட்ட வேண்டுமானால், ஓர் அடி உள்ளே தள்ளினால் நான்கு அடி உயரம் கிடைக்கும். மனையின் பரப்பில் கால் பங்குக்கு மட்டும் ஒரு சலுகை: அங்கே கோபுரம் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் எழும்பலாம்.

எல்லாம் எண்களும் விகிதங்களும். இந்தச் சட்டப்படி கட்டினால் கட்டடம் பார்க்க எப்படி இருக்கும்? அன்றைய கட்டடக் கலைஞர்கள் பலரும் முகப்பை ஒரு தட்டையான சித்திரமாக யோசிக்கப் பழகியவர்கள். கீழே பீடம், நடுவே உடல், உச்சியில் கொடுங்கை. பாதி உயரத்திலேயே சுவர் பின்வாங்க வேண்டும் என்று சட்டம் சொன்னபோது அந்தப் பழக்கம் உதவவில்லை. நடுவில் உலகப்போரும் வந்ததால் விடை காணாமலே சில ஆண்டுகள் ஓடின.

ஃபெரிஸ் 1889-ல் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். கட்டடக் கலை படித்துவிட்டு நியூயார்க் வந்து காஸ் கில்பர்ட்டின் அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். 792 அடி உயர வுல்வொர்த் கட்டடத்தை வடிவமைத்தவர் இந்த கில்பர்ட். அது 1913-ல் திறக்கப்பட்டபோது உலகத்திலேயே உயரமான கட்டடம். சில ஆண்டுகளில் ஃபெரிஸ் அங்கிருந்து வெளியேறினார். சொந்தமாகக் கட்டடம் வடிவமைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மற்றவர்கள் வடிவமைப்பதை வரைந்து தருபவராகத் தனித்தொழில் தொடங்கினார்.

1922-ல் கட்டடக் கலைஞர் ஹார்வி வைலி கார்பெட்டும் அவரும் சேர்ந்து அந்தச் சட்டத்தையே வரைந்து பார்த்தார்கள். மொத்தம் நான்கு படங்கள்.

முதல் படத்தில் கட்டடம் என்று எதுவும் இல்லை. ஜன்னல் இல்லை, வாசல் இல்லை. ஒரு மனையின் மேல் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சக் கன அளவு மட்டும் மலைபோல் இருளில் நிற்கிறது. தெருவோரம் செங்குத்துச் சுவர், அதற்கு மேல் சரிவு, நடுவில் கால் பங்கு நிலத்திலிருந்து எழும் கோபுரம். எந்தக் கலைஞனும் கற்பனை செய்யாத உருவம் அது. விதிகளின் எல்லைகளை எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டினால் உள்ளே அகப்படுவது அதுதான். இரண்டாம் படத்தில், உள்ளறைகளுக்கு வெளிச்சம் கிடைக்க அந்தத் திரளில் ஆழமான பிளவுகள் வெட்டப்படுகின்றன. சாய்வான சுவர் எஃகுச் சட்டகத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதால் மூன்றாம் படத்தில் சரிவுகள் படிகளாகின்றன. நான்காவதில், வாடகைக்கு உதவாத சின்னஞ்சிறு படிகளும் நீக்கப்படுகின்றன. மிஞ்சுவது, கட்டடக் கலைஞர் தன் வேலையைத் தொடங்க வேண்டிய உருவம்.

அந்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் படங்கள் வெளியாயின. ஆறு ஆண்டுகளாகப் பத்திகளாகக் கிடந்த சட்டத்தைச் சாதாரண வாசகனும் ஒரே பார்வையில் புரிந்துகொண்டான். இப்போது அவை கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்தத் துறையில் வரையப்பட்ட எல்லாப் படங்களிலும் முக்கியமானவை எவை என்று கேட்டால், விற்பனைக்கென்று வரையப்படாத இந்த நான்கையும்தான் சொல்ல வேண்டும்.

அவர் வரைந்த முறையையும் சொல்ல வேண்டும். வழக்கமான வரைவாளர் வெள்ளைத்தாளில் கோடு கோடாகக் கட்டடத்தை எழுப்புவார். ஃபெரிஸ் பெரும்பாலும் தாளில் கருமையைப் பரப்பி, தேய்த்து, பிசையும் ரப்பரால் வெளிச்சத்தை ஒற்றி எடுத்தார். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே கட்டடம் பிறக்கும். அலங்காரம், சிற்பவேலை, ஜன்னல் சட்டம் எல்லாம் இருளில் கரைந்துபோகும். பருமன் மட்டும் நிற்கும். அடியில் எங்கோ புள்ளிகளாக மனிதர்கள். இந்த இருள் வெறும் பாணி என்று ஒதுக்கக் கூடாது. ஒரு கட்டடம் தெருவில் நடப்பவருக்கு முதலில் என்னவாக வந்து சேர்கிறது? அதன் பருமனாக. எவ்வளவு வானத்தை மறைக்கிறது என்பதாக. முகப்பில் என்ன கல் பதித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் கண்ணில் படும். அந்த வரிசையை ஃபெரிஸ் மாற்றவில்லை.

குறையும் உண்டு. மூட்டம் பலவற்றை மறைத்துவிடுகிறது. நடைபாதையின் நெரிசல், நிழலில் நடப்பவரின் குளிர், அடுத்த வீட்டு ஜன்னல் எதுவும் அந்தப் படங்களில் இல்லை. எந்த உரிமையாளரின் கோபுரத்தை வரைந்தாலும் அது கம்பீரமாகவே தெரியும். அதனால்தான் உரிமையாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

ஷெல்டன் ஹோட்டல், தொலைபேசி நிறுவனத்தின் பார்க்ளே-வெசி கட்டடம், சானின் கட்டடம் என்று 1920-களில் மன்ஹாட்டன் படிப்படியாக உள்வாங்கும் கோபுரங்களால் நிரம்பியது. இவை மூன்றையும் ஃபெரிஸ் வரைந்திருக்கிறார். படிகளுக்குக் காரணம் சட்டம்தான். ஆனால் சட்டம் விட்ட மிச்சத்தையே அழகாக்கலாம், கொடுங்கையும் தூண்களும் இல்லாமல் பருமனை மட்டும் வைத்தே ஒரு கோபுரத்தை நிறுத்தலாம் என்ற துணிச்சலை ஒரு தலைமுறைக் கட்டடக் கலைஞர்களுக்குக் கொடுத்ததில் அவருடைய கரிக்கும் பங்குண்டு. 1931-ல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடமும் இதே கணக்கில் விளைந்ததே. ஐந்து மாடி அடித்தளம், அதற்கு மேல் உள்வாங்கல், பிறகு 1,250 அடிக்கு எழும் கோபுரம்.

1929-ல் ‘நாளைய பெருநகரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வந்தது. நெரிசலான நகரத்தை வெறுமனே கொண்டாடாமல், கோபுரங்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விலகி நிற்கும் நகரம் ஒன்றை அதன் கடைசிப் பகுதியில் கற்பனை செய்தார். வணிகம், கலை, அறிவியல் மூன்றுக்கும் தனித்தனி வட்டாரங்கள். அதே ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது. அத்தனை உயரங்களுக்குப் பணம் போட ஆளில்லை. 1947-ல் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்காகப் பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் கூடி விவாதித்தபோது, அவர்கள் பேசப் பேச யோசனைகளை வரைந்து கொடுத்தவரும் இவரே.

கட்டடத்தை அது எழும்பும் முன்பே வரைந்து காட்டும் வேலையை இன்று கணினி செய்கிறது. கண்ணாடி அலுவலகக் கட்டடத்தின் 3டி படத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொழுது சாயும் நேரமாக இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் கண்ணாடி வானத்தைப் பிரதிபலித்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும். இரவில் கட்டடத்தின் வெளி உருவம் தொலைந்துவிடும். அந்திக்குப் பின் சில நிமிடங்கள் வானத்தின் ஒளியும் உள்விளக்கின் ஒளியும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். அப்போது உள்ளும் புறமும் சேர்ந்து தெரியும். முன்னால் மரம், நடைபாதையில் காப்பிக் கோப்பையோடு இளைஞர்கள். எல்லாம் அழகாகவே இருக்கும். ஆனால் அந்தக் கட்டடம் பக்கத்துத் தெருவிலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. அதைச் சொல்லாத படத்தை நம்பி ஒரு நகராட்சி அனுமதி கொடுப்பது தவறு.

லண்டனில் உயரக் கட்டடங்களுக்கு அனுமதி கேட்பவர்கள் ‘சரிபார்க்கப்பட்ட காட்சி’ என்ற வகைப் படங்களைத் தர வேண்டியிருக்கிறது. கேமரா நின்ற இடத்தையும் உயரத்தையும் சர்வே செய்வார்கள். லென்ஸைக் குறித்து வைப்பார்கள். புகைப்படத்தில் தெரியும் பழைய கட்டடங்களின் மூலைகளை அளந்து, கணினி மாதிரியை அவற்றோடு பொருத்துவார்கள். செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தைப் புதிய கட்டடம் மறைக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அதே லண்டனில், ஃபென்சர்ச் தெருவில் பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பின் அனுமதி பெற்று எழுந்தது 160 மீட்டர் உயர வளைந்த கண்ணாடிக் கோபுரம். 2013-ல் அது சூரிய ஒளியைக் குவித்துத் தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. அந்தக் கட்டடத்தின் கதை அடுத்த வாரம்.