விளக்கு சிமிட்டவில்லையா? போர்டைப் பரணில் போடாதீர்கள்!
சில நூறு ரூபாய் அர்டுயினோ போர்டை வேலை செய்ய வைப்பது எப்படி?

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கிழக்குப் பக்கம் சிறிது தூரம் நடந்தால் லேமிங்டன் ரோடு வந்துவிடும். "டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க்" என்பது அதன் சர்க்கார் பெயர். ஆனால் ஊரார் வாயில் இன்றைக்கும் அது லேமிங்டன் ரோடுதான்!

ரேடியோ உதிரி பாகம் முதல் கம்ப்யூட்டர் வரை விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பெங்களூர் தமிழர்களுக்கு இதே போல எஸ்.பி. ரோடு. டெல்லிக்காரர்களுக்குச் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட்.

இந்தக் கடைகளில் பள்ளிக்கூடப் பையன்களும், பாலிடெக்னிக் மாணவர்களும் தேடி வந்து வாங்கும் சரக்கு ஒன்று உண்டு. சீட்டுக்கட்டை விடச் சிறியது. பெரும்பாலும் நீல நிறம். அதன் பெயர் அர்டுயினோ!

சிறிய கம்ப்யூட்டர் மூளை ஒன்றைப் பலகையில் பொருத்தி, கம்பி சொருகத் துளைகள் வைத்திருக்கிறார்கள். நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைப்படி அது விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுற்றும், தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் மணி அடிக்கும்.

இவ்வளவும் செய்யும் போர்டு, பல வீடுகளில் வாங்கிய அன்றே பரண் ஏறி விடுகிறது. காரணம் என்ன?

"தலையில் கட்டிட்டான்ல!"

தாராவியிலோ அன்டாப் ஹில்லிலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓவர்டைம் பணத்தில் போர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகன் அதைக் கம்ப்யூட்டரில் சொருகுகிறான். பட்டனை அமுக்குகிறான். விளக்கு சிமிட்டவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷ் வாக்கியங்கள் மளமளவென்று வருகின்றன.

"ஏலே, கடைக்காரன் கெட்டுப்போனதை உன் தலையில் கட்டிட்டான்ல!" என்கிறார் அப்பா.

மகனோ, "எனக்குத்தான் இது வராது போல" என்று நினைத்துக் கொள்கிறான். பணம் போனது கூடப் பெரிதல்ல. இந்த எண்ணம் அவன் மனதில் தங்கிவிட்டால் அதுதான் பெரிய நஷ்டம்!

உண்மையில் போர்டும் கெடவில்லை, பையனும் மட்டமில்லை. கேபிள், டிரைவர், போர்ட் எண் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று சரியாக இல்லை. பெரும்பாலான வீடுகளில் கதை இவ்வளவுதான்!

டைப்ரைட்டர் ஊரில் பிறந்தது

இத்தாலி நாட்டின் வடக்கே இவ்ரியா என்று ஒரு சிறு நகரம். "ஒலிவெட்டி" டைப்ரைட்டரில் விரல் பதித்த பழைய குமாஸ்தாக்களுக்கு இந்த ஊருடன் உறவு உண்டு. ஒலிவெட்டி கம்பெனி 1908-ம் ஆண்டு தொடங்கப்பட்டது இங்கேதான்.

இதே ஊரில் 2001-ல் டிசைன் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. மாணவர்கள் கலை படிக்க வந்தவர்கள். எலெக்ட்ரானிக்ஸ் அறியாதவர்கள். அப்போது கிடைத்த போர்டுகள் விலை அதிகம், பழகுவதும் கடினம்.

அங்கு படித்த கொலம்பியா நாட்டு மாணவர் ஹெர்னான்டோ பர்ரகான், 2003-ல் "வயரிங்" என்ற எளிய போர்டையும் அதற்கான சாப்ட்வேரையும் உருவாக்கினார். அந்த வழியில், ஆசிரியர் மாசிமோ பான்சி, டேவிட் குவார்டியெலஸ் முதலியோர் சேர்ந்து 2005-ல் கொண்டு வந்ததே அர்டுயினோ.

பெயர் வந்த கதை சுவையானது. 1002-ம் ஆண்டு இத்தாலிக்கு அரசனாக முடிசூடிய அர்டுயின், இவ்ரியாவை ஆண்டவன். அவன் பெயரில் ஊரில் ஒரு மதுக்கடை இருந்தது. நண்பர்கள் கூடிப் பேசும் அந்தக் கடையின் பெயரே போர்டுக்கும் வந்துவிட்டது!

இன்னொரு செய்தியும் முக்கியம். போர்டின் வரைபடத்தை அவர்கள் மூடி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். பெயரும் முத்திரையும் மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். அதனால்தான் முத்திரை இல்லாத போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்குவது குற்றமும் அல்ல, ஏமாற்றமும் அல்ல.

உள்ளே என்ன?

அதிகம் விற்பது "யூனோ" மாதிரி. இத்தாலி மொழியில் யூனோ என்றால் ஒன்று. 2010-ல் வந்தது. 2023-ல் ஆர்4 என்ற புது மாதிரியும் வந்திருக்கிறது. ஆனால் மலிவாகக் கிடைப்பது பழைய ஆர்3 மாதிரிதான்.

அதன் மூளை "ஏடிமெகா328பி" என்ற சில்லு. நாம் எழுதும் கட்டளைகளுக்காக அதில் இருக்கும் இடம் 32 கிலோபைட். செல்போனில் எடுத்த ஒரு போட்டோ கூட அதில் அடங்காது! ஆனாலும் அதன் கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. விளக்கு எரிக்கவும் மோட்டார் சுற்றவும் இது தாராளம்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் கம்ப்யூட்டரில் சாப்ட்வேர் வேண்டும். "அர்டுயினோ ஐ.டி.இ." என்பது அதன் பெயர். அர்டுயினோ டாட் சிசி என்ற தளத்தில் கிடைக்கும். இறக்கும்போது நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். பயப்பட வேண்டாம். "ஜஸ்ட் டவுன்லோட்" என்பதை அமுக்கினால் காசு இல்லாமலே கிடைக்கும்.

2022-ல் வந்த இரண்டாம் பதிப்புக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது தேவை. ஆபீசில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் என்றால் 1.8.19 என்ற பழைய பதிப்பே போதும்.

சாப்ட்வேரைத் திறந்ததும் "பைல்" பட்டியலில் "எக்ஸாம்பிள்ஸ்", அதற்குள் "பேசிக்ஸ்", அதற்குள் "பிளிங்க்" என்று போகவும். விளக்கைச் சிமிட்ட வைக்கும் கட்டளைகள் தயாராக எழுதியிருக்கும்.

அடுத்து "டூல்ஸ்" பட்டியலில் இரண்டு இடங்களைச் சரி செய்ய வேண்டும். ஒன்று "போர்டு": எந்தப் பலகை என்பது. அங்கே "அர்டுயினோ யூனோ" என்று தேர்ந்தெடுக்கவும். மற்றது "போர்ட்": எந்த வாசல் வழியாகப் பலகை வந்திருக்கிறது என்பது. விண்டோசில் காம் 3, காம் 4 என்று எண் காட்டும். வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தானே ஏறுகிறோம்? அது போலத்தான் இதுவும்.

பிறகு வலது பக்கம் நோக்கிய அம்புக்குறியை அமுக்கவும். நாம் எழுதியதைச் சாப்ட்வேர் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றி, கேபிள் வழியே அனுப்பும். போர்டில் இரு சிறு விளக்குகள் படபடக்கும். பிறகு "எல்" என்று குறித்த விளக்கு ஒரு வினாடி எரிந்து, ஒரு வினாடி அணையும்.

மூன்று வில்லன்கள்

இப்படி நடக்கவில்லையா? முதல் வில்லன் கேபிள். போர்டின் வாய் சதுரமாக இருந்தால் பிரிண்டர் கேபிள் பொருந்தும். வாய் சிறியதாக இருந்தால் செல்போன் கேபிளைச் சொருகி விடுகிறார்கள். சாதாரண யு.எஸ்.பி. கேபிளில் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. சார்ஜ் செய்ய மட்டும் விற்கும் கேபிளில் செய்திக் கம்பிகள் இருக்காது! போர்டில் விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு. அதே கேபிளில் செல்போனைச் சொருகி, அதில் உள்ள போட்டோக்கள் கம்ப்யூட்டரில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கேபிள் நல்லது.

இரண்டாவது வில்லன் டிரைவர். அசல் போர்டிலும் மலிவு போர்டிலும் கம்ப்யூட்டரோடு பேசும் சில்லு வேறு வேறு. மலிவு போர்டில் பெரும்பாலும் "சிஎச்340" என்ற சீனச் சில்லு இருக்கும். அதற்கு விண்டோசில் டிரைவர் இல்லாவிட்டால் போர்ட் எண் வராது. "டிவைஸ் மேனேஜர்" திறந்தால் மஞ்சள் குறி தெரியும். சிஎச்340 டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிப் போட்டால் எண் வந்துவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு "பர்மிஷன் டினைட்" என்று வரும். தம் பெயரை "டயல்அவுட்" குழுவில் சேர்த்து, ஒரு முறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் சரியாகும்.

மூன்றாவது வில்லன் தவறான தேர்வு. "நாட் இன் சிங்க்" என்று சிவப்பு எழுத்து வந்தால், போர்டு பதில் சொல்லவில்லை என்று பொருள். கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல! போர்டு பெயரையும் போர்ட் எண்ணையும் மறுபடி பாருங்கள். 0, 1 என்ற துளைகளில் கம்பி சொருகியிருந்தால் எடுத்து விடுங்கள். கட்டளை வந்து சேரும் வழி அதுதான். "நானோ" என்ற சிறிய மாதிரி வாங்கியவர்கள், "பிராசசர்" பட்டியலில் "ஓல்டு பூட்லோடர்" என்பதையும் முயன்று பார்க்க வேண்டும்.

உங்கள் கட்டளைதானா?

இன்னொரு வேடிக்கை. பல போர்டுகள் கடையிலிருந்து வரும்போதே விளக்கைச் சிமிட்டும் கட்டளையோடு வருகின்றன. சொருகியவுடன் சிமிட்டினால் வெற்றி என்று துள்ளக் கூடாது.

கட்டளையில் "டிலே" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1000 என்று இரண்டு இடத்தில் இருக்கும். ஆயிரம் மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடி. இரண்டையும் 200 என்று மாற்றி அனுப்புங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டினால், பையன் சொன்னதைப் போர்டு கேட்கிறது என்று நிச்சயம் செய்து கொள்ளலாம்.

எழுதும்போது ஒரு அரைப்புள்ளி விட்டுப் போனாலும், பெரிய எழுத்துக்குச் சிறிய எழுத்துப் போட்டாலும் சாப்ட்வேர் ஏற்காது. எந்த வரியில் தவறு என்று எண் சொல்லும். அந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் பார்த்தால் போதும். அதற்கு இங்கிலீஷ் புலமை தேவையில்லை.

எச்சரிக்கை!

போர்டை எவர்சில்வர் தட்டிலோ இரும்பு மேஜையிலோ வைக்கக் கூடாது. அடியில் உள்ள ஈயப் பற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஷார்ட் ஆகும். தனி விளக்கு இணைத்தால் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர் போடவும். துளைகளில் மோட்டாரை நேராக இணைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது 5 வோல்ட் கருவி ஆகும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டியூப் லைட்டையும் பேனையும் இதில் இணைக்கும் விளையாட்டு, விஷயம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்

மத்திய அரசின் நிதி ஆயோக், 2016 முதல் பள்ளிகளில் "அடல் டிங்கரிங் லேப்" என்ற கூடங்களை அமைத்து வருகிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. பிள்ளைகளின் பள்ளியில் அது உண்டா என்று விசாரியுங்கள். பல இடங்களில் போர்டு இருக்கும். மும்பை பவாய் ஐ.ஐ.டி.யின் "ஸ்போகன் டுடோரியல்" திட்டத்திலும் அர்டுயினோ பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. அத்திட்டத்தின் பல பாடங்களைத் தமிழிலும் கேட்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு போர்டு தூசி படிந்து கிடக்கிறதா? வரும் ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். பையனையோ பெண்ணையோ திட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு நல்ல கேபிள் இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள்!