மேலாண்மையில் முனைவர் பட்டம்

1929-இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர், தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கிய பலருக்கும் பழக்கம். முனைவர் பட்டத்தை அப்படி வாங்க முடியாது. 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதி அதைத் தடுக்கிறது. ஆனால் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஊழியர் பகுதிநேரமாகச் சேரலாம், நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இருந்தால். படிப்பு குறைந்தது 3 ஆண்டு. 6 ஆண்டு வரை இழுக்கலாம். ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் கள ஆய்வுக்கான வினாநிரலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி, கடை கடையாக நின்று நிரப்ப வேண்டியதுதான்.

உதவிப் பேராசிரியர் வேலை மட்டுமே குறி என்றால், 2023 ஜூலை முதல் யுஜிசி விதிப்படி நெட் அல்லது செட் தேர்ச்சியே போதும். அவசரக்காரர்களுக்கு அதுவே நல்ல வழி. நிரந்தர வேலையிலும் அலைச்சல் உண்டு: 2013-இல் அரசு ஏற்றபின், இப்பல்கலைக்கழகத்தின் உபரி ஆசிரியர்கள் பலர் வெளி மாவட்டக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.