சல்சா மாஸ்டரை எடைபோடுவது எப்படி?

சல்சா கிளாஸ்ல சேரப் போறீங்களா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ரும்பா, சா-சா-சா போன்ற பால்ரூம் வகை நடனங்களுக்கு, 1904-இல் லண்டனில் தொடங்கிய ஐ.எஸ்.டி.டி. போன்ற அமைப்புகள் ஆசிரியர் தேர்வு நடத்துகின்றன. சல்சாவுக்கோ எல்லோரும் ஏற்கும் ஒரே சான்றிதழ் கிடையாது. அதனால சுவர்ல மாட்டியிருக்கிற போட்டோக்களை விட்டுட்டு, ஒரு வகுப்பைப் பாருங்க.

எட்டு எண்ணிக்கையில் பொதுவாக 4, 8-இல் அடி வைப்பதில்லை. அதைப் பாட்டோடு கேட்கப் பழக்குறாரா? லீட் பண்றவருக்கு மட்டுமில்லாம ஃபாலோ பண்றவருக்கும் தனியா சொல்லித் தர்றாரா? முதல் வாரமே ஜோடியைத் தூக்கிச் சுற்றச் சொன்னா முதுகுக்கு ஆபத்து. தொட்டு ஆடத் தயங்குறவங்களை வற்புறுத்தினா உடனே வெளியே வந்துடுங்க.

கடைசியா, அவருடைய மாணவர்கள் புது ஜோடியோடும் தாளம் தப்பாம ஆடுறாங்களா? ஆடினா, அதுதான் அவரோட சான்றிதழ்.