பொருள் எழுதப்படாத ஆறு நிறங்கள்

தென்னாப்பிரிக்காவின் தேசியக் கொடியில் சிவப்பு எதைக் குறிக்கிறது என்று அந்நாட்டு அரசைக் கேட்டால், எதையும் குறிக்கவில்லை என்றுதான் பதில் வரும். கொடியின் நிறங்கள் எதற்கும் அனைவருக்கும் பொதுவான பொருள் என்று ஒன்றைக் கற்பிக்கக்கூடாது என்பது அரசின் நிலைப்பாடு. சிவப்பு போராட்டத்தில் சிந்திய இரத்தம், பச்சை நிலவளம், மஞ்சள் தங்கச் சுரங்கம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் மக்களாகச் சொல்லிக்கொள்வது. சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

இந்த மௌனத்தைத் தெரிந்தேதான் கடைப்பிடிக்கிறார்கள். ஏன் என்று புரிய, இதற்கு முன்பிருந்த கொடியைப் பார்க்க வேண்டும்.

1928 மே 31 அன்று ஏற்றப்பட்ட பழைய கொடியில் ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என மூன்று கிடைமட்டப் பட்டைகள். டச்சுக்காரர்களின் பழங்கொடி ஒன்றை அடியொற்றி அமைத்தது அது. நடு வெள்ளைப் பட்டையில் மூன்று குட்டிக் கொடிகள்: பிரிட்டனின் யூனியன் ஜாக், டச்சு வழிவந்த போயர்களின் குடியரசுகளாக இருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட், டிரான்ஸ்வால் ஆகியவற்றின் கொடிகள். யூனியன் ஜாக் உள்ளே வரலாமா கூடாதா என்று ஆங்கிலேய வழிவந்தோரும் டச்சு வழிவந்த ஆப்பிரிக்கானர்களும் 1920-களில் கடுமையாக மோதிக்கொண்டார்கள். குட்டிக் கொடிகள் அந்த மோதலில் பிறந்த சமரசம். சண்டையும் சமரசமும் வெள்ளையருக்குள்தான். நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களைச் சுட்ட அந்தத் துணியில் ஒரு நூல்கூட இல்லை. 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறிச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தபோது பறந்ததும் இதே கொடிதான்.

1990-இல், நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்ற நெல்சன் மண்டேலா விடுதலையானார். எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் முதல் தேர்தல் 1994 ஏப்ரல் 27 என்று முடிவானது. அந்த நாளில் எந்தக் கொடியை ஏற்றுவது? 1993-இல் பொதுமக்களிடம் வடிவமைப்புகள் கேட்டார்கள். 7,000-க்கும் மேல் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த ஆறில் ஒன்றுகூட மக்களுக்குப் பிடிக்கவில்லை. தொழில்முறை வடிவமைப்பு நிறுவனங்களைக் கேட்டுப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்த நிலையில், நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தையில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரிடம் பொறுப்பு வந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சிரில் ராமபோசா ஒருவர். தேசியக் கட்சி அரசின் ரோல்ஃப் மேயர் மற்றவர்.

அவர்கள் கைக்கு வந்தது ஃபிரெட் பிரவுனெல் வரைந்த கொடி. பிரவுனெல் அரசு இலச்சினைத் துறையின் தலைமை அதிகாரி. கொடிகளையும் சின்னங்களையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். 1993-இல் சூரிச் நகரில் நடந்த கொடியியல் மாநாட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த வடிவம் மனத்தில் தோன்றிக் காகிதத்தில் கிறுக்கிவைத்தேன் என்று பின்னாளில் சொன்னார். மண்டேலா அப்போது ரஸ்டன்பர்க்கில் இருந்தார். வரைபடம் அவருக்கு ஃபேக்ஸில் போனது. ஃபேக்ஸில் வந்தது கறுப்பு வெள்ளைப் படம் என்பதால், அங்கிருந்தவர்கள் ஓடிப்போய் வண்ணப் பென்சில் வாங்கிவந்து தீட்டிக் காட்டினார்கள் என்று சொல்வார்கள். 1994 மார்ச் 15 அன்று, ஆட்சி மாற்றத்தை மேற்பார்த்த இடைக்கால நிர்வாகக் குழு ஒப்புதல் தந்தது. தேர்தலுக்கு ஆறே வாரம் இருந்தது. உள்நாட்டு ஆலைகளால் அவ்வளவு கொடிகளையும் தைத்து முடிக்க இயலாமல், நெதர்லாந்துத் தொழிற்சாலைகளுக்கும் ஆர்டர் போனது.

சரி, கொடியில் என்னதான் இருக்கிறது? கம்பத்தின் பக்கம் ஒரு கறுப்பு முக்கோணம். மேலே சிவப்பு, கீழே நீலம். கம்பத்தை ஒட்டிய இரு மூலைகளிலிருந்தும் கிளம்பும் பச்சைப் பட்டை நடுவில் ஒன்றுகூடி மறுகோடி வரை செல்கிறது. பச்சைக்கும் முக்கோணத்துக்கும் இடையில் பொன்னிற ஓரம். பச்சைக்கும் சிவப்பு, நீலத்துக்கும் இடையில் வெள்ளை ஓரம். பொருளைப் பற்றிப் பேசாத சட்டம், அளவுகளில் விட்டுக்கொடுப்பதே இல்லை. கொடியின் நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. பச்சைப் பட்டை அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு; ஓரங்கள் ஒவ்வொன்றும் பதினைந்தில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் பச்சையும் அதன் இரண்டு வெள்ளை ஓரங்களும் சேர்ந்து சரியாக மூன்றில் ஒரு பங்கு. சிவப்புக்கு மூன்றில் ஒன்று, நீலத்துக்கு மூன்றில் ஒன்று.

நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பது மறைவானதல்ல. கறுப்பு, பச்சை, பொன்னிறம் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கொடியில் இருப்பவை. சிவப்பு, வெள்ளை, நீலம் பிரிட்டிஷ், டச்சு மரபுகளை நினைவூட்டுபவை. சிவப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அது கலப்பற்ற சிவப்பு அல்ல. ஆரஞ்சுப் பக்கம் சற்றுச் சாய்ந்த மிளகாய்ச் சிவப்பு. ஆங்கிலேயரின் சிவப்பா, டச்சுக்காரரின் ஆரஞ்சா என்ற பழைய பூசல் மறுபடி கிளம்பாமல் இருக்க எடுத்த முடிவு.

நான் இந்தக் கொடியில் மிகவும் மதிப்பது அந்தப் பச்சைப் பட்டையைத்தான். இரு வழிகள் கூடி ஒரே வழியாகச் செல்கின்றன என்பதைக் கண்டுகொள்ள யாருடைய உரையும் தேவையில்லை. கூடிய இடத்தில் அது நின்றுவிடவும் இல்லை. பழைய கொடியில் ஒவ்வொரு தரப்பின் கொடியும் தனித்தனித் துண்டாக ஒட்டப்பட்டிருந்தது. இது எங்களுடையது, அது உங்களுடையது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். புதிய கொடியில் எந்தச் சமூகமும் தன் பங்கைக் கத்தரித்துத் தனியே எடுக்க முடியாது. நிறங்களுக்குப் பொருள் எழுதாமல் விட்டதும் இதே காரணத்தால்தான் பலித்தது என்பேன். எந்த நிறம் யாருக்கு என்று எழுதிவைத்திருந்தால், யாருடையது மேலே, யாருடையது அகலம் என்ற கணக்கு மறுநாளே தொடங்கியிருக்கும்.

முதலில் ஐந்தாண்டுகளுக்கான தற்காலிகக் கொடியாகத்தான் இதை ஏற்றார்கள். மக்கள் அதை மாற்ற விடவில்லை. 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே மைதானத்தில் பழைய கொடியை வீசிப் பழைய கீதத்தைப் பாடியிருந்தது வெள்ளையர் கூட்டம். அன்று அங்கே புதிய கொடி நிறைந்திருந்தது. 1996-இன் அரசமைப்புச் சட்டம் ஆறு நிறங்களையும் பெயர் சொல்லி நிலைப்படுத்தியது.

பழைய கொடி முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2017-இல் ஒரு போராட்டத்தில் அது வெளிப்பட்டதாக எழுந்த புகாரையொட்டி நெல்சன் மண்டேலா அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. தக்க காரணமின்றி அந்தக் கொடியைக் காட்டுவது வெறுப்புப் பேச்சே என்று 2019 ஆகஸ்டில் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலை, கல்வி, இதழியல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொது இடங்களைப் பொறுத்தவரை 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரவுனெல் 2019-இன் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே மாதத்தில் காலமானார்.

புதிய கொடியின் மீது மக்களுக்குள்ள பற்று எத்தகையது என்பதும் ஒருமுறை சோதனைக்கு வந்தது. 2022-இல் பண்பாட்டு அமைச்சகம் 2.2 கோடி ராண்ட் செலவில், நூறு மீட்டருக்கும் உயரமான கம்பத்தில் ஒரு மாபெரும் தேசியக் கொடியை நிறுவத் திட்டமிட்டது. வேலையின்மையும் மின்வெட்டும் வாட்டும் நாட்டில் இவ்வளவு பணம் ஒரு கம்பத்துக்கா என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. கொடியை நேசித்தவர்களும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நான் கொடிக்குச் செய்த மரியாதையாகவே பார்க்கிறேன். அப்போது நாட்டின் அதிபர், 1994-இல் இந்தக் கொடிக்கு வழிசெய்த இருவரில் ஒருவரான ராமபோசா. சில நாட்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது.