வீட்டிலிருந்து ஒரு பொருள்

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். இப்போது கவின் கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கல்லூரிக் கண்காட்சியில் தான் வைத்திருந்த படைப்பைக் கைப்பேசியில் காட்டினார். நீளமான ஒரு சுவர். அதில் வரிசை வரிசையாக, சதுரமாக வெட்டிய 86 வெள்ளைத் துணிகள். ஒவ்வொன்றிலும் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தீய்ந்த தடம். சில தடங்கள் கறுப்பு, சில பழுப்பு. சில, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளிர் மஞ்சள்.

“எங்க அப்பாவோட பெட்டி, டீச்சர்” என்றார்.

அவருடைய அப்பா தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு ஆண்டுகள் அவருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஒன்பதாவது படிக்கும்போது, வீட்ல இருந்து உங்களுக்குப் பிடிச்ச பொருள் ஒண்ணு கொண்டு வாங்கன்னு சொன்னீங்க. நான் ஒரு பூ ஜாடி கொண்டு வந்தேன். அது பக்கத்து வீட்டு ஜாடி டீச்சர். கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

ஜாடி எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த வகுப்பு நினைவிருந்தது. ஒரு மாணவர் கொண்டு வந்த வெளிநாட்டுக் கேமராவை நானே வாங்கி எல்லாருக்கும் காட்டிப் பாராட்டியதும் நினைவிருந்தது. ‘பிடித்த பொருள்’ என்று நான் சொன்னதைக் குழந்தைகள் ‘நாலு பேருக்குக் காட்டக்கூடிய பொருள்’ என்று புரிந்துகொண்டார்கள். அதற்கு நானும் ஒரு காரணம்.

தனக்கு நெருக்கமான பொருளைக் கொண்டு கலைப் படைப்பு உருவாக்குவது இன்று கலைக் கல்லூரிகளில் பரவலாகத் தரப்படும் பயிற்சி. பள்ளிகளிலும் இதை நாம் வேறு வேறு பெயர்களில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது, இதில் கலை எங்கே இருக்கிறது, வகுப்பறையில் செய்யும்போது எதில் கவனம் வேண்டும் என்பதை அந்த மாணவியின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

பொருள் எப்படிக் கலையாகிறது?

1942ஆம் ஆண்டு பிக்காசோ ஒரு பழைய மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு காளையின் தலையாக்கினார். இருக்கை முகமானது, கைப்பிடி கொம்புகளானது. நம் பள்ளிகளில் தேங்காய்ச் சிரட்டையில் ஆமை செய்வதும், நெகிழிப் புட்டியில் யானை செய்வதும் இந்த வகைதான். இங்கே ஒரு பொருள் தன் பழைய அடையாளத்தை விட்டுவிட்டு வேறொன்றாகத் தோன்றுகிறது. அது யாருடைய மிதிவண்டி என்ற கேள்வி எழுவதில்லை.

இன்னொரு வகையில் பொருள் தானாகவே இருக்கும். அது யாரிடம் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எப்படித் தேய்ந்தது என்பவையே அங்கே முக்கியம்.

சீனக் கலைஞர் சோங் தோங் 2005இல் பெய்ஜிங்கில் வைத்த காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவருடைய தந்தை 2002இல் இறந்த பிறகு தாய் சாவ் சியாங்யுவான் பெருந்துயரத்தில் மூழ்கிவிட்டார். வறுமையிலும் பங்கீட்டுக் காலத்திலும் வாழ்ந்து பழகிய அந்த அம்மா எதையும் தூக்கி எறியாதவர். வீடு முழுக்கப் பழைய துணிகள், புட்டிகள், மூடிகள், பற்பசைக் குழாய்கள், சட்டிகள், செருப்புகள். இவற்றை அப்புறப்படுத்தச் சொல்லி மகன் சண்டை போடவில்லை. “இவற்றை வைத்து நாம் இருவரும் ஒரு கண்காட்சி செய்யலாம்” என்று அம்மாவையும் வேலையில் சேர்த்துக்கொண்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வகை வகையாகப் பிரித்துத் தரையில் அடுக்கினார்கள். அம்மாவே அங்கிருந்து வந்தவர்களிடம் பேசினார். அதே காட்சி 2009இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டது.

அந்தப் பொருள்களில் சலவை சோப்புக் கட்டிகளும் இருந்தன. சோப்புக்குப் பங்கீடு இருந்த காலத்தில், மகன் திருமணமானால் சோப்புக்குக் கஷ்டப்படக் கூடாது என்று அம்மா சேர்த்து வைத்தவை அவை. மகன் பெரியவனாகும்போது துணி துவைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. சோப்புகள் காய்ந்து கல்லாகிவிட்டன. ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு வரலாற்றை அந்தக் கட்டிகளை வைத்தே ஒரு வகுப்பில் பேசிவிடலாம்.

சோங் தோங்கின் மனைவி இன் சியூசென் 1995இல் செய்த படைப்பு இதற்கு நேர் எதிரானது. முப்பது ஆண்டுகளாகத் தான் அணிந்த உடைகளை, தன் தந்தை செய்த மரப்பெட்டிக்குள் அடுக்கி, மேலே சிமெண்டு ஊற்றிவிட்டார். பார்ப்பவருக்குப் பெட்டியும் மேலே இருக்கும் துணியின் ஒரு பகுதியும்தான் தெரியும். கீழே உள்ளவற்றை இனி எவரும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஒருவர் எல்லாவற்றையும் விரித்து வைத்தார். மற்றவர் மூடி வைத்தார். எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைப் பொருளுக்கு உரியவரே முடிவு செய்தார். ஆசிரியர்களாகிய நாம் இதைத்தான் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அந்த மாணவி என்ன செய்தார்?

கல்லூரியில் அவருக்குத் தரப்பட்ட வேலை எளிமையானது. ‘உங்கள் வாழ்க்கையோடு சேர்ந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து ஒரு படைப்பு செய்யுங்கள்.’ அவருடைய முதல் திட்டம் நம்மில் பலருக்கும் தோன்றக்கூடியதுதான். அப்பாவின் பெட்டியை ஒரு மேடையில் வைத்து, மேலே ஒரு விளக்கு போட்டு, பக்கத்தில் அப்பாவின் உழைப்பைப் பற்றிச் சில வரிகள் எழுதி ஒட்டுவது.

திட்டத்தைக் கேட்ட பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “கண்காட்சி நடக்கிற பத்து நாளும் பெட்டி இங்க இருந்தா, அப்பா எதுல தேய்ப்பாரு?”

அந்தக் கேள்வி திட்டத்தையே மாற்றிவிட்டது. பெட்டியை எடுத்து வர முடியாது. அப்படியானால் பெட்டி விட்டுச் செல்லும் எதை எடுத்து வரலாம்? மாணவி ஒரு வாரம் வண்டியின் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பெட்டியின் எடை ஏழு கிலோ. மரப்பிடியில் அப்பாவின் விரல்கள் படும் இடம் மட்டும் பளபளப்பாக இருக்கிறது. புதுக்கரி போட்டவுடன் சூடு அதிகம். அப்போது பருத்தித் துணி தேய்ப்பார். சூடு குறையக் குறைய மெல்லிய துணிகளை எடுப்பார். வண்டியின் மேல் விரித்த போர்வையில் மட்டும் ஆங்காங்கே தீய்ந்த தடங்கள். வாடிக்கையாளரின் துணியில் ஒன்றுகூடக் கிடையாது.

போர்வையில் இருந்த தடங்கள்தான் வழி காட்டின. ஒரு நாள் முழுக்க அப்பா ஒவ்வொரு துணியையும் தேய்த்து மடித்தவுடன், பழைய வேட்டியிலிருந்து வெட்டிய ஒரு சதுரத் துணியின் மேல் பத்து எண்ணும் வரை பெட்டியை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்பாவுக்கு அது எளிதாக இல்லை. “முப்பது வருஷமா ஒரு துணி தீஞ்சிடக் கூடாதுன்னு பயந்துக்கிட்டே தேய்க்கிறேன். நீ தீய வைக்கச் சொல்ற” என்றாராம். முதல் நான்கைந்து துணிகளில் கை தானாகவே பெட்டியைத் தூக்கிவிட்டதாம்.

அன்று அவர் தேய்த்தவை 86 துணிகள். 86 சதுரங்களையும் அதே வரிசையில் சுவரில் பொருத்தினார் மாணவி. சுவரில் வேறு எந்த எழுத்தும் இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அப்பாவின் மேல் மகளுக்கு இருக்கும் அன்பு முதல் திட்டத்திலும் இருந்தது. ஆனால் அந்த அன்பைச் சொல்லும் வாசகம்தான் அங்கே கண்ணில் பட்டிருக்கும். இரண்டாவது திட்டத்தில் ஒரு நாள் உழைப்பைப் பார்ப்பவரே எண்ணிப் பார்க்க முடிகிறது. ஒரு வாரம் உற்றுப் பார்த்ததும், எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்ததும்தான் இந்த வேறுபாட்டை உண்டாக்கின.

பொருளே இல்லாதவர்கள்

‘வீட்டிலிருந்து ஒரு பொருள்’ என்றவுடன் திகைத்து நிற்கும் குழந்தைகளும் நம் வகுப்பில் உண்டு. வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள், வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்தினர், விடுதியில் வளர்பவர்கள், இலங்கைத் தமிழர் முகாம்களில் இருந்து வருபவர்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இவர்களுக்கு ஒரு வழி காட்டுகிறார். போரினால் இடம்பெயர்ந்த மக்களைச் சந்தித்து, அவர்கள் விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எந்தப் பக்கம் என்று அவர்கள் தங்களுக்குத் தெரிந்த அளவில் வரைந்தார்கள். அந்தப் படங்களையும், அவற்றைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படங்களையும், அவர்கள் சொன்னவற்றைக் கேட்டுத் தான் வரைந்த ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூலாக்கினார். டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேட்டுக்குத் ‘தோம்பு’ என்று பெயர். இதை அவர் முடிவுபெறாத தோம்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரிட்டார். கையில் ஒன்றும் இல்லாதவரிடமும் வரையக்கூடிய நினைவு இருக்கிறது. அதுவும் கலைக்கு மூலப்பொருள்தான்.

வகுப்பறையில் செய்யும்போது

பழைய மாணவியோடு பேசிய பிறகு, நான் செய்த தவறுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். அதிலிருந்து கிடைத்த சில வழிமுறைகள்:

1. ‘பிடித்த பொருள்’, ‘அரிய பொருள்’ என்று கேட்க வேண்டாம். விலையுள்ளதைக் கொண்டுவரத் தோன்றும். ‘உங்கள் வீட்டில் தினமும் யாருடைய கையாவது படுகிற ஒரு பொருள்’ என்று கேட்கலாம்.

2. பொருளை எடுத்து வருவது கட்டாயம் இல்லை. வீட்டுக்கு அது தேவைப்படலாம். வரைந்து வரலாம், காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுத்து வரலாம், அளந்து எழுதி வரலாம், நினைவிலிருந்தும் வரையலாம்.

3. முதல் பாடவேளையில் கதை வேண்டாம். பார்த்தல் மட்டும் போதும். எடை, நிறம், மணம், தேய்ந்த இடம், ஒட்டுப் போட்ட இடம் என்று கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற இருபது செய்திகளை எழுதச் சொல்லலாம். பத்துக்கு மேல் எழுதத் திணறுவார்கள். உண்மையான கவனிப்பு அங்கேதான் தொடங்கும்.

4. கதையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் குழந்தையின் உரிமை. பெற்றோரை இழந்த குழந்தையிடம் எல்லார் முன்னாலும் ‘இது யாருடையது’ என்று கேட்டுவிடக் கூடாது. பெட்டிக்குள் மூடி வைத்தும் படைப்பு செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்போம்.

5. வீட்டுப் பொருளை ஒட்டவோ வெட்டவோ வண்ணம் பூசவோ வேண்டுமென்றால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். மற்றபடி வந்தபடியே திரும்பிப் போக வேண்டும்.

6. அதிகம் கண்கலங்க வைத்த கதைக்கு அதிகப் பாராட்டு என்ற பழக்கம் வந்துவிட்டால், குழந்தைகள் துயரத்தைத் தேடத் தொடங்குவார்கள். என்ன பார்த்தார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்பதையே பாராட்ட வேண்டும்.

கலைத் திருவிழாவுக்குத் தயாராகும் நாள்களில் இந்தப் பயிற்சிக்கு நேரம் கிடைக்காது. ஆண்டின் தொடக்கத்தில் மூன்று பாடவேளைகள் ஒதுக்கினால் போதும். தமிழ் வகுப்பில் இதைக் கட்டுரையாகவும், சமூக அறிவியல் வகுப்பில் உள்ளூர் வரலாறாகவும் தொடரலாம்.

கண்காட்சியின் கடைசி நாள் அப்பா வந்திருந்தாராம். வந்தவர்கள் எல்லாரும் சற்றுத் தள்ளி நின்று சுவரை மொத்தமாகப் பார்த்தார்கள். அவர் மட்டும் முதல் துணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். இருபத்து மூன்றாவது துணி வந்ததும் நின்று, “இங்க கரி தீர்ந்துடுச்சு” என்றார். அடுத்ததைக் காட்டி, “இது புதுக்கரி” என்றார். மாணவியின் வகுப்புத் தோழர்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டார்களாம்.

விடைபெறும்போது, எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு ஒருநாள் வந்து பேச முடியுமா என்று கேட்டேன். வருவதாகச் சொன்னார். “ஆனா, அன்னைக்குப் பசங்களை எதுவும் கொண்டு வரச் சொல்லாதீங்க டீச்சர். முதல்ல நான் ஒண்ணு கொண்டு வரேன். நீங்களும் உங்க வீட்ல இருந்து ஒண்ணு கொண்டு வாங்க” என்றார்.

எதைக் கொண்டு போவது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.