இறுதியாண்டு ப்ராஜெக்ட்: வாங்குவதா, செய்வதா?

இன்ஜினியரிங் படித்த என் பள்ளித் தோழன் ஒருவன், கடைசி வருஷ ப்ராஜெக்டை ஒரு கடையில் பணம் கட்டி வாங்கினான். பார்வையற்றவர்களுக்கான ‘ஸ்மார்ட்’ கைத்தடி அது. எதிரில் ஏதாவது வந்தால் சென்சார் கண்டுபிடித்து ‘பீப்’ என்று சத்தம் கொடுக்கும். ரிப்போர்ட்டையும் கடைக்காரர்களே அச்சடித்து பைண்ட் செய்து தந்துவிட்டார்கள். வைவாவில் நல்ல மார்க்கும் கிடைத்தது.

பிறகு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்தக் கைத்தடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். “பார்வையற்றவர் யாராவது இதைப் பிடித்து நடந்து பார்த்தாரா? என்ன சொன்னார்?” அவனிடம் பதில் இல்லை. “வேலை போனதுகூட பரவாயில்லடா. நாலு வருஷத்துல என் கையால ஒண்ணுமே செய்யலைன்னு அப்பத்தான் உறைச்சுது” என்றான்.

அவனிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்விதான் பொருள் வடிவமைப்பு என்ற பாடத்தின் உயிர்நாடி. அதை எப்படிக் கற்பது, யார் உதவுவார்கள் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முன்மாதிரி என்றால் என்ன?

முன்மாதிரி, அதாவது புரோட்டோடைப் என்றதும் பளபளப்பான ஒரு இயந்திரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்காகச் செய்யும் மாதிரி, அவ்வளவுதான். ‘கைக்கு அடக்கமாக இருக்குமா?’ என்பது கேள்வி என்றால் அட்டையும் பசையும் போதும். ‘சர்க்யூட் வேலை செய்யுமா?’ என்பது கேள்வி என்றால், அழகே இல்லாமல் மேசை மேல் பரப்பிய ஒயர்களே முன்மாதிரி.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அட்டையில் செய்த தப்பைக் கத்தரிக்கோலால் திருத்திவிடலாம். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வார்ப்புக்கான அச்சு வெட்டிய பிறகு அதே தப்பைத் திருத்த லட்சக்கணக்கில் செலவாகும். எனவே தப்புகளை மலிவாக, சீக்கிரமாகச் செய்து முடித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பெண்களுக்கான சானிட்டரி நாப்கினை மலிவாகச் செய்ய முயன்றபோது, அவர் முதலில் செய்த பஞ்சு நாப்கின்கள் தோற்றுப்போயின. சோதித்துச் சொல்ல ஆள் கிடைக்காததால், கால்பந்தின் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே சோதித்துப் பார்த்தார். கடைகளில் விற்கும் நாப்கினில் இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு தோல்வியும் அடுத்த முயற்சிக்கு ஒரு தகவலைக் கொடுத்தது. 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரு மாத்திரைப் பெட்டி செய்து பார்ப்போமா?

வயதானவர்கள் மாத்திரை எடுக்க மறந்துவிடுகிறார்கள், அதற்கு ஒரு தீர்வு வேண்டும் என்று ஒரு மாணவர் குழு கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான குழுக்கள் அன்றைக்கே மொபைல் செயலியும் அலாரமும் செய்யத் தொடங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள். படிப்படியாகப் போவோம்.

1. போய்ப் பாருங்கள். நான்கைந்து வீடுகளுக்குப் போய், தாத்தா பாட்டிகள் மாத்திரை எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். ‘உங்களுக்கு என்ன பிரச்சினை?’ என்று கேட்பதைவிட, ‘இன்னைக்குக் காலையில என்ன மாத்திரை போட்டீங்க பாட்டி, எடுத்துக் காட்டுங்க’ என்று கேட்பது நல்லது. அப்போது ஒரு விஷயம் கண்ணில் படலாம். மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பெயரும் காலாவதி தேதியும் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. பாட்டி மறக்கவில்லை. கையில் இருப்பது சர்க்கரைக்கா, பிரஷருக்கா என்று தெரியாமல் தவிக்கிறார்.

2. பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள். ‘வெட்டிய அட்டைகளில் எது எந்த வேளைக்கானது என்று, எழுத்துப் படிக்காமலே பாட்டிக்குத் தெரிய வேண்டும்.’ கவனித்தீர்களா? அலாரம் என்ற பேச்சே இல்லை. பிரச்சினை மாறியதும் தீர்வும் மாறிவிட்டது.

3. நிறைய யோசனைகளை வரையுங்கள். குறைந்தது இருபது. முதல் ஐந்து எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும். பிறகுதான் புதிதாக ஏதாவது வரும். இந்தக் கட்டத்தில் ‘இது நடக்காது’ என்று யாரும் சொல்லக் கூடாது.

4. அட்டையில் செய்யுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வைத்தால் ஈரம் படும், ஒன்றோடொன்று கலந்தும் போகும். ஆகவே வெட்டிய அட்டையை அப்படியே செருகும்படி ஒரு தாங்கி. காலைக்குச் சூரியன், மதியத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு, இரவுக்கு நிலா என்று படம். பழைய பிஸ்கட் பெட்டியில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

5. கொடுத்துப் பாருங்கள். சோதனையின்போது உண்மையான மாத்திரை வேண்டாம். காலி அட்டைகளை வைத்தே பார்க்கலாம். எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்காமல் பாட்டி கையில் கொடுங்கள். எங்கே தடுமாறுகிறார், மூட்டு வலிக்கும் விரலால் மூடியைத் திறக்க முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்துங்கள். மறுபடி கொடுங்கள். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகு த்ரீ-டி பிரிண்டர் பக்கம் போனால் போதும்.

வகுப்பறையில் என்ன மாற வேண்டும்?

இந்த முறையைக் கடைசி செமஸ்டரில் மட்டும் சொல்லிக் கொடுத்தால் பலன் குறைவு. முதலாண்டிலிருந்தே சின்னச் சின்னப் பொருட்களைச் செய்ய வைக்கலாம். குழுவில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் எனப் பல துறை மாணவர்கள் இருந்தால் நல்லது. ஏனென்றால் நிஜப் பொருள் எதுவும் ஒரே துறைக்குள் அடங்குவதில்லை.

மதிப்பெண் முறைதான் முக்கியம். கடைசிப் பொருளுக்கு மட்டும் மார்க் என்றால், கடையில் வாங்குகிறவர்தான் ஜெயிப்பார். அதற்குப் பதிலாக வாராவாரம் எழுதிய குறிப்பேடு, தோற்றுப்போன முன்மாதிரிகள், பயனாளிகளிடம் கேட்டறிந்த பதிவு ஆகியவற்றுக்கு மார்க் வைத்தால் விலைக்கு வாங்குவது தானாகவே குறையும். உடைந்த முன்மாதிரியைக் காசு கொடுத்து வாங்க யாரும் போவதில்லை, இல்லையா?

பயனாளிகளோடு சேர்ந்து வடிவமைப்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி. நல்ல எடுத்துக்காட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான சாதனங்களை உருவாக்கும் அதன் டி.டி.கே. மையம் ‘அரைஸ்’ என்ற சக்கர நாற்காலியை உருவாக்கியது. உட்கார்ந்திருப்பவர் பிறர் உதவியின்றித் தானே எழுந்து நிற்கும் நிலைக்கு வர அது துணைசெய்கிறது. ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 2019-ல் அறிமுகமானது. அதே வளாகத்தில் 2008 முதல் இயங்கும் ‘சென்டர் ஃபார் இன்னோவேஷன்’, மாணவர்கள் தாங்களே பொருட்களைச் செய்து பழகும் பட்டறை.

எங்கே உதவி கிடைக்கும்?

• நான் முதல்வன்: 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம். இதன் கீழ் நடக்கும் ‘நிரல் திருவிழா’வில், நிஜப் பிரச்சினைகளுக்கு மாணவர் குழுக்கள் தீர்வு உருவாக்கலாம்.

• தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம்: தேர்வாகும் மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு நிதியுதவி தருகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

• தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம்: இதன் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில், யோசனையை முன்மாதிரியாக்கும் நிலைக்கும் சந்தைக்குக் கொண்டுபோகும் நிலைக்கும் தனித்தனியே உதவி உண்டு.

• ஐடியா லேப்: ஏ.ஐ.சி.டி.இ. ஆதரவோடு சில பொறியியல் கல்லூரிகளில் அமைந்துள்ள செய்முறைக் கூடம். த்ரீ-டி பிரிண்டர், லேசர் கட்டர் போன்றவை இருக்கும்.

விண்ணப்பத் தேதிகள் ஆண்டுதோறும் மாறும். உங்கள் கல்லூரியின் நான் முதல்வன் ஒருங்கிணைப்பாளரிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை

உங்கள் பொருளில் புதுமை இருப்பதாகத் தோன்றினால், வீடியோ எடுத்து சமூக வலைதளத்தில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். முன்பே வெளிப்படுத்திய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுவது கடினம். முதலில் தற்காலிக விண்ணப்பம் தாக்கல் செய்யலாம். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக் குறிப்பைக் கொடுத்துவிட வேண்டும். 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு. கல்லூரி மூலமாகப் போனால் செலவு பெருமளவு குறையும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ப்ராஜெக்டுக்கு மொத்தமாகப் பணம் கேட்டால், ‘எதுக்குப்பா, என்ன செய்யப் போற?’ என்று உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் தினமும் உங்களைப் படுத்தும் ஒரு சின்னத் தொல்லையைச் சொல்லுங்கள். திறக்க வராத டப்பாவோ, தூக்க முடியாத தண்ணீர்க் குடமோ, எதுவாகவும் இருக்கலாம். அடுத்த ப்ராஜெக்ட் அங்கிருந்தே தொடங்கட்டும்.